இரண்டில் பதினேழு

மலையடிவாரத்தில் ஓர் இல்லம் இருந்தது. ஆஸ்பத்திரிகள் கைவிரித்த பிறகு கொண்டுவரப்படுகிறவர்கள் அங்கே இருப்பார்கள். சிலர் சில நாள், சிலர் சில வாரம். தென்காசியில் பஸ் ஏறி, சாரல் முகத்தில் அடிக்கத் தொடங்கும் இடத்தில் இறங்கினால் போதும்.

அந்த இல்லத்தில் ஒரு வழக்கம் உண்டு. பேச்சு இருக்கும்போதே ஒருவர் தம் வீட்டாருக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லி வைக்கலாம். தனி அறையில், ஒரு மைக்கின் முன்னால். அவர் போன பிறகு வீட்டார் இல்லத்துக்குப் போன் செய்து, தங்களுக்குக் கொடுத்த எண்ணை அழுத்தினால் அந்தக் குரல் வரும். எத்தனை முறை வேண்டுமானாலும் வரும்.

குரல்களைக் காக்கும் மெஷின் மாடிப்படிக்குக் கீழே ஒரு குளிர் அறையில் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டவர் ஜெபசீலி. வயது முப்பத்து நான்கு. அவரிடம் வேலை கற்க வந்தவர் குற்றாலிங்கம். வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலிருந்து விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்தவர். ஆசிரியையை மாணவர் டீச்சர் என்றார். மாணவரை ஆசிரியை அண்ணாச்சி என்றார்.

வந்த அன்று ஜெபசீலி கேட்டார்.

“பிள்ளைங்க எத்தனை, அண்ணாச்சி?”

“ரெண்டு பொண்ணு, டீச்சர்.”

மூன்று பெண்கள். நடுவுள்ளவள் கல்லூரியில் படிக்கும்போது, விடுமுறைக்கு வந்த இடத்தில், தானாகவே போய்விட்டாள். ஏன் என்று எழுதி வைக்கவில்லை. துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் ஏன் என்றுதான் கேட்டார்கள். பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர்கூடக் கேட்டார். ரெண்டு என்று சொன்னால் அடுத்த கேள்வி வராது என்பதைக் குற்றாலிங்கம் ஒருநாள் கண்டுகொண்டார். அன்றிலிருந்து ரெண்டு.

வீட்டில் அவள் பெயரைச் சொல்லக் கூடாது என்று அவர் சொன்னதில்லை. ஒருமுறை மனைவி உலகம்மாள் சொன்னபோது, பாதிச் சாப்பாட்டில் எழுந்து வெளியே போய்விட்டார். அதற்குப் பிறகு யாரும் சொல்லவில்லை.

பாடம் இப்படித் தொடங்கியது.

“இந்தப் பெட்டிக்குள்ள எத்தனை மெஷின் இருக்கு, சொல்லுங்க.”

“ஒண்ணு.”

“நாலு.”

குற்றாலிங்கம் பெட்டிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

“பின்னால என்னத்தைப் பாக்கீங்க? தொட்டுப் பாக்க ஒண்ணும் கிடையாது. விர்ச்சுவல் மெஷின். நாம எழுதிக் குடுத்த எழுத்துல எந்திரிச்சு நடக்கிறது.”

“பேய் மாதிரியா?”

“பேய்க்குக் கால் கிடையாதும்பாங்க. இதுக்குக் கால், கை, காது எல்லாம் உண்டு. என்னென்ன உண்டுன்னு ஒரு கோப்புல எழுதி வச்சிருக்கு. எந்திரிக்கும்போது அதைப் படிச்சுப் பாத்து, இது என் கை, இது என் காதுன்னு எடுத்து மாட்டிக்கிடும்.”

“படிக்கத் தெரியலன்னா?”

“அப்போ உங்க கிட்டதான் வந்து பாடம் கேக்கணும்.”

நான்கில் ஒன்று குரல் மெஷின். அதற்கு மூன்று டிஸ்க். கோப்பில் மூன்று வரி. இரண்டில் பதினேழு என்று ஒருவர் அழுத்தினால், இரண்டாவது டிஸ்க்கில் இருக்கும் பதினேழாவது குரல் பேசும்.

“இதுதான் ரெண்டாவது டிஸ்க்குன்னு அதுக்கு எப்படித் தெரியும் டீச்சர்?”

“அதுவா எண்ணிக்கிடுது. முதல் வரியில இருக்கிறது ஒண்ணு, அடுத்த வரி ரெண்டு. அப்படி எண்ண விடக் கூடாது. இது இந்த இடம்னு நாம எழுதிக் குடுக்கணும். எனக்கு முன்னால இருந்தவங்க எழுதாம விட்டுட்டாங்க. அந்த வேலை பாக்கி கிடக்கு.”

அந்த வேலை பாக்கி கிடக்கும்போதே ஐப்பசி மழை வந்தது. ஒரு மத்தியானம் இடி இறங்கியது. இரண்டாவது டிஸ்க் செத்துப்போனது. அதன் நகலைத் திறந்து பார்த்தால் உள்ளே ஒன்றுமே பதிவாகியிருக்கவில்லை. ஜெபசீலி என்னென்னவோ செய்து பார்த்தார். ஒரு குரல்கூடத் திரும்பவில்லை. அன்று அவர் கொண்டுவந்த சாப்பாட்டுப் பாத்திரம் திறக்காமலே வீட்டுக்குத் திரும்பிப் போனது.

“ஒவ்வொரு வீட்டுக்கா நாமதான் சொல்லணும் அண்ணாச்சி.”

“எப்படிச் சொல்ல?”

“அதான் தெரியல.”

யாருக்கும் சொல்லாமலே நாள் போனது. அதற்குப் பிறகு குரல் மெஷின் எழும்போதெல்லாம் நடுவில் நின்றது. கோப்பின் இரண்டாவது வரியைப் படிக்கும். அந்த டிஸ்க்கைத் தேடும். கொஞ்ச நேரம் காத்திருக்கும். பிறகு திரையில் சிவப்பாக ஒரு வரி எழுதும்: இரண்டாவது டிஸ்க் இல்லை. அப்புறம்தான் மூன்றாவதற்குப் போகும்.

மழைக் காலத்தில் கரண்ட் அடிக்கடி போனது. மெஷின் அடிக்கடி எழுந்தது. அந்தச் சிவப்பு வரியைக் குற்றாலிங்கம் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டியிருந்தது.

“இல்லாததுக்கு எதுக்கு டீச்சர் ஒரு எண்?”

ஜெபசீலி பையை எடுத்துக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார். பாளையங்கோட்டையில் அவருடைய அம்மாவுக்குக் கண் ஆபரேஷன்.

“நல்ல கேள்வி. வந்து சொல்லுதேன்.”

“அதுவரைக்கும்?”

“அதுவரைக்கும் தொடாதீங்க.”

அந்த வாரம்தான் கடைசி மகள் சொர்ணாவின் கல்யாணப் பத்திரிகை அடிக்கக் கொடுத்தார்கள். மாப்பிள்ளை வீடு சேலத்துப் பக்கம். சம்பந்தம் பேசியவர் உலகம்மாளின் அண்ணன் சங்கரபாண்டியன். பொண்ணு வீட்டில் எத்தனை பேர் என்று அவர்கள் கேட்டபோது, ரெண்டு பொண்ணு என்று சொன்னவரும் அவர்தான். குற்றாலிங்கம் பக்கத்தில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்.

அச்சகத்துக்காரர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

“பொண்ணு எத்தனையாவது மக?”

“ரெண்டாவது” என்றார் சங்கரபாண்டியன். “அவங்க பையன் ரெண்டாவது மகன், நம்ம பிள்ளை ரெண்டாவது மக. பத்திரிகையில பாக்கவே பொருத்தமா இருக்கும்.”

புடவைக் கடைக்குப் போகக் கூடவே வந்திருந்த சொர்ணா, காட்சிக்கு வைத்திருந்த பத்திரிகைகளைப் புரட்டுவதை நிறுத்தினாள்.

“நான் மூணாவதுல்லா மாமா.”

“ஏட்டி, சும்மா இரு. அங்க யாரும் உக்காந்து எண்ணிக்கிட்டு இருக்க மாட்டாங்க.”

“என் கிட்ட கேட்டா?”

“என்னன்னு கேப்பாங்க?”

“கூடப் பொறந்தவங்க எத்தனை பேருன்னு.”

“ஒரு அக்கான்னு சொல்லு. கோமதி ஒருத்தி போதாதாக்கும்? ரெண்டு பேரு பேச்சை அவ ஒருத்தியே பேசுவா.”

அச்சகத்துக்காரர் சிரித்தார். சொர்ணா சிரிக்கவில்லை. அப்பாவைப் பார்த்தாள்.

“அப்பா?”

குற்றாலிங்கம் காகிதத்தின் தடிமனை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மாமா சொல்லுதபடி இருக்கட்டும்” என்றார்.

சொர்ணா வெளியே போய் மழைக்காகப் பிளாஸ்டிக் தாள் மூடிய பைக்குகளுக்கு நடுவில் நின்றுகொண்டாள். புடவைக் கடைக்கு இன்னொரு நாள் போகலாம் என்று சொல்லிவிட்டாள்.

அங்கிருந்து அவர் நேராக இல்லத்துக்கு வந்தார். கரண்ட் போய் வந்திருந்தது. மெஷின் எழுந்துகொண்டிருந்தது. ஒன்றைக் கண்டுகொண்டது. இரண்டில் நின்றது. காத்திருந்தது. சிவப்பாக எழுதியது.

அவர் கோப்பைத் திறந்தார். இரண்டாவது வரியை எடுத்துவிட்டார். மெஷினை மறுபடி எழுப்பினார்.

எங்கேயும் நிற்கவில்லை. ஒன்று, இரண்டு. சிவப்பு இல்லை. பார்க்கப் பொருத்தமாக இருந்தது.

மறுநாள் காலையில் போன் வந்தது. சுரண்டையிலிருந்து ஓர் அம்மாள்.

“ஐயா, ரெண்டில் பதினேழு அமுக்கினேன். யாரோ பேசுதாங்க.”

“யாரோன்னா?”

“எங்க வீட்டு ஆளு திக்கித் திக்கிப் பேசுவாரு. என் பேரைச் சொல்லி முடிக்கதுக்குள்ள சோறு வெந்துரும். இந்த ஆளு மடமடன்னு பேசுதாரு. வெத்தலைப் பெட்டியை யாருக்கும் குடுத்திராதங்காரு. எங்க வீட்டுல யாருங்கய்யா வெத்தலை போட்டது?”

“அம்மா, அது வந்து…”

“இவரு யாரோ இருந்துட்டுப் போகட்டும். அவரு எங்க?”

குற்றாலிங்கம் பார்த்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார். வைத்ததுமே மறுபடி மணி அடித்தது. அச்சன்புதூரிலிருந்து ஒரு பெரியவர். அவருடைய மகன் மூன்றில் ஐந்து.

“அப்படி ஒரு எண்ணே கிடையாதுங்குது தம்பி.”

“நல்லா பாத்து அமுக்கினீங்களா?”

“தினமும் அமுக்குத நம்பர். நேத்துக்கூடப் பேசினானே தம்பி. எப்பா, மாத்திரையை மறந்திராதன்னு சொன்னானே. ஒரே நாள்ல எப்படிக் கிடையாதுன்னு ஆவான்?”

குற்றாலிங்கம் போனைக் காதிலிருந்து இறக்கினார். பெரியவர் அந்தப் பக்கம் ஹலோ, ஹலோ என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

குற்றாலிங்கம் ஜெபசீலிக்குப் போன் செய்தார். ஜெபசீலி அம்மாவைத் தங்கையிடம் விட்டுவிட்டு மத்தியான பஸ்ஸில் வந்தார். குடையை மடக்கி மூலையில் சாய்த்துவிட்டுத் திரையைப் பார்த்தார்.

“அந்த வரியை எடுத்துட்டீங்களா?”

“ஆமா டீச்சர்.”

“ஏன்?”

“சிவப்பா வந்துக்கிட்டே இருந்துச்சு.”

ஜெபசீலி திட்டவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தார். தலைமுடியிலிருந்து மழைத்தண்ணி சொட்டிக்கொண்டிருந்தது.

“உங்க எக்ஸ்சேஞ்சுல ஒருத்தர் நம்பரைத் திருப்பிக் குடுத்துட்டா, அந்த நம்பரை என்ன செய்வீங்க?”

“சும்மா போட்டு வைப்போம்.”

“கனெக்‌ஷன் கேட்டு ஆளுங்க வரிசையில நிப்பாங்களே. தூக்கிக் குடுக்கிறது?”

“குடுக்கக் கூடாது டீச்சர். பழைய ஆளைக் கேட்டுப் போன் வந்துக்கிட்டே இருக்கும். ஒரு தடவை தெரியாம குடுத்துட்டோம். செத்துப்போன ஒரு டாக்டரோட நம்பர். வாங்கினவரு ஜவுளிக் கடை. எந்நேரமும் போன், டாக்டர், பிள்ளைக்குக் காய்ச்சல் நிக்கலன்னு. அவரும் எத்தனை பேருக்குத்தான் இல்ல இல்லன்னு சொல்லுவாரு? கடைசியில கசாயம் சொல்லிக் குடுக்க ஆரம்பிச்சுட்டாரு.”

ஜெபசீலி சிரித்துவிட்டார். குற்றாலிங்கமும் சிரித்தார்.

“அந்த ஜவுளிக் கடைக்காரருக்குப் போன் வந்துச்சா?” என்றார் ஜெபசீலி.

“வந்துச்சுன்னுதானே சொல்லுதேன்.”

“அவரைக் கேட்டு?”

“அவரைத் தேடினவங்களுக்கு லைனே கிடைக்கல டீச்சர்.”

ஜெபசீலி கோப்பைத் திறந்தார். முதல் டிஸ்க்கின் வரியில் அதற்குரிய இடத்தை எழுதினார்: ஒன்று. அடுத்த வரியில் இருந்தது மூன்றாவது டிஸ்க். அதன் நேரே மூன்று என்று எழுதினார். விசைப்பலகையைக் குற்றாலிங்கத்தின் பக்கம் தள்ளினார்.

“நடுவுல ரெண்டுன்னு எழுதுங்க.”

“டிஸ்க் இல்லையே டீச்சர்.”

“இடம் இருக்குல்லா. அதை எழுதுங்க.”

“புதுசா ஒரு டிஸ்க் வாங்கி அங்க மாட்டிருவோமா?”

“மாட்டலாம். அதுக்கு நாலுன்னு பேரு.”

“சிவப்பு வருமே.”

“வரட்டும். நாம பாத்தா போதும்.”

அவர் எழுதினார். மெஷின் எழுந்தது. ஒன்று. இரண்டில் நின்றது. காத்திருந்தது. சிவப்பு. பிறகு மூன்று.

குற்றாலிங்கம் அச்சன்புதூர்ப் பெரியவருக்குப் போன் செய்து, இப்போது அமுக்கிப் பாருங்கள் என்றார். சற்று நேரத்தில் இல்லத்தின் போன் விளக்கு எரிந்தது. மூன்றில் ஐந்து பேசிக்கொண்டிருந்தது. விளக்கு அணைந்தது. உடனே மறுபடி எரிந்தது.

“ரெண்டைத் தேடி வாரவங்களுக்கு மெஷின் என்ன சொல்லணும்?” என்றார் ஜெபசீலி. “நீங்களே பேசிக் குடுங்க. எக்ஸ்சேஞ்சுல இருந்தவரு.”

தனி அறையில், அந்த மைக்கின் முன்னால் குற்றாலிங்கம் உட்கார்ந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“நீங்கள் அழைத்த எண் உபயோகத்தில் இல்லை.”

ஜெபசீலி கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து இல்லை என்று தலையசைத்தார்.

“உபயோகத்திலயா இல்ல?”

“அப்போ… நீங்கள் கேட்ட குரல் இங்கே இல்லை.”

“இருந்துச்சா, இருக்கவே இல்லையா? கேக்கிறவங்களுக்கு எப்படித் தெரியும்?”

குற்றாலிங்கம் மைக்கை அருகில் இழுத்துக்கொண்டார்.

“இந்த இடத்தில் ஒரு குரல் இருந்தது” என்றார். நிறுத்தினார். “எங்களால் அதைக்…”

முடியவில்லை. மறுபடி தொடங்கினார். அதே இடத்தில் நின்றது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். சுரண்டை அம்மாளின் கணவர் தம் மனைவியின் பெயரைச் சொல்ல எடுத்துக்கொண்ட அவ்வளவு நேரம் அவருக்கும் ஆனது.

“எங்களால் அதைக் காப்பாற்ற முடியவில்லை.”

குரல் உடைந்திருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இன்னொரு தடவை ஒழுங்கா சொல்லிருதேன் டீச்சர்” என்றார்.

“வேண்டாம். இதே இருக்கட்டும்.”



சுரண்டை அம்மாளுக்குக் குற்றாலிங்கமே போன் செய்தார். இடி விழுந்ததைச் சொன்னார். நகலைத் திறந்து பார்த்ததைச் சொன்னார். நேற்று தாம் செய்ததையும் சொன்னார். அந்தப் பக்கம் அடுப்பில் ஏதோ தாளிக்கும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

“அப்போ இனிமே வராதாய்யா?”

“வராதும்மா.”

“அந்த நம்பர்?”

“ரெண்டில் பதினேழு அப்படியேதான் இருக்கு. வேற யாருக்கும் குடுக்க மாட்டோம்.”

“அமுக்கினா?”

“நான் பேசி வச்சிருக்கேன். இங்க ஒருத்தர் இருந்தாருன்னு.”



“அப்போ எப்பவாவது அமுக்குவேன்” என்றார் அம்மாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் சொர்ணா துணி மடித்துக்கொண்டிருந்தாள். குற்றாலிங்கம் எதிரில் வந்து நின்றார்.

“பத்திரிகையில மூணாவதுன்னு போடச் சொல்லவா?”

அவள் கையிலிருந்த துண்டை மறுபடி விரித்து, மறுபடி மடித்தாள்.

“அவங்க கேப்பாங்கப்பா.”

“முன்னாடியே நான் போன் பண்ணிச் சொல்லிருதேன். எப்படிப் போனான்னும் சொல்லணும். அப்புறம் அவங்க வேண்டாம்னாலும் வேண்டாம்தான். உனக்குச் சம்மதமான்னு கேக்கேன்.”

“இதைக் கேக்கதுக்கு இவ்வளவு நாளாச்சாப்பா?”

அவர் சேலத்துக்குப் போன் செய்தார். சொர்ணா பக்கத்திலேயே நின்றாள். ரெண்டு பொண்ணு என்று சொன்னது பொய் என்றார். மூணு என்றார். நடுவுள்ளவள் இல்லை, தானாகப் போய்விட்டாள், ஏன் என்று எங்களுக்கு இன்றைக்கு வரைக்கும் தெரியாது என்றார். அந்தப் பக்கம் மாப்பிள்ளையின் தகப்பனார் இடையில் பேசாமல் கேட்டார். கடைசியில், “வீட்ல கலந்துட்டுச் சொல்றோமுங்க” என்றார். வைத்துவிட்டார்.

சங்கரபாண்டியன் விஷயம் தெரிந்து ஓடிவந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“மாப்ள, உமக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? ஒரு எழுத்துக்காகப் பிள்ளை வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டுட்டீரே!”

“இருக்கட்டும் அத்தான்.”

“என்னய்யா இருக்கட்டும்? வந்து நின்ன சம்பந்தம். அதுலயும் தங்கமான பையன்!”

“மாமா” என்றாள் சொர்ணா. “கத்தாதீங்க. நான் மூணாவதாவே இருந்துக்கிடுதேன்.”

மறுநாள் குற்றாலிங்கம் அச்சகத்திலிருந்து திருத்திய மாதிரித் தாளை வாங்கி வந்து வீட்டில் வைத்துப் படித்தார். எங்கள் மூன்றாவது மகள் திருநிறைசெல்வி சொர்ணா என்று வந்த இடத்தில், அடுப்படியிலிருந்த உலகம்மாள் ஈரக் கையோடு வெளியே வந்தாள். மேற்கொண்டு நாள், நேரம், மண்டபம் எல்லாம் படித்தார்.

“இன்னொரு தடவை படிங்க” என்றாள் உலகம்மாள்.

“முதல்ல இருந்தா?”

“அந்த வரியை மட்டும்.”

அவர் படித்தார். உலகம்மாள் சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. சொர்ணா போய் அணைத்தாள்.

அடுத்த வாரம் அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு குற்றாலிங்கம் இல்லத்துக்கு வந்தார். சேலத்திலிருந்து இன்னும் ஒரு தகவலும் வந்திருக்கவில்லை. வெளியே தூறிக்கொண்டிருந்தது. கரண்ட் அப்போதுதான் போய் வந்திருந்தது. குரல் மெஷின் எழுந்துகொண்டிருந்தது.

தாளை ஜெபசீலியிடம் நீட்டினார்.

“இன்னும் அடிக்கல டீச்சர். அடிப்பமான்னும் தெரியல. உங்க கிட்ட காட்டணும்னு தோணுச்சு.”

ஜெபசீலி வாங்கிப் படித்தார். ஒரு வரியில் அவருடைய கண் நின்றது. நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

குற்றாலிங்கம் காத்துக்கொண்டு நின்றார். ரெண்டுன்னுதானே சொன்னீங்க என்று கேட்பார். பிறகு எப்படி என்று கேட்பார். பிறகு ஏன் என்று கேட்பார். எல்லோரும் கேட்டது அதுதான்.

திரையில் மெஷின் ஒன்றைக் கண்டுகொண்டது. இரண்டில் நின்றது.

“நடுவுள்ள பிள்ளைக்கு என்ன பேரு, அண்ணாச்சி?” என்றார் ஜெபசீலி.

அவர் வாயைத் திறந்தார். வரவில்லை. ஜெபசீலி தாளைக் கையில் வைத்தபடி இருந்தார். அவசரப்படுத்தவில்லை.

“குழல்வாய்மொழி” என்றார் குற்றாலிங்கம்.